மேக யானைக்கு ஏன் கால் இல்லை?

கேள்வி இதுதான்: "கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறோம். ஏழு வயது மகள் மொட்டை மாடி நிழலில் படுத்துக்கொண்டு வானத்தில் யானை, ஆமை, முயல் என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். எனக்கு வெறும் பஞ்சுப் பொதிதான் தெரிகிறது. நேற்று, 'யானைக்கு ஏம்ப்பா காலே இல்ல?' என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. கோடை மேகத்தில் மட்டும் ஏன் இத்தனை உருவங்கள் தெரிகின்றன? அவளுக்குத் தெரிவது எனக்கு ஏன் தெரியவில்லை?"

உங்கள் மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

கோடை மேகத்தின் தலை எவ்வளவு மேடு பள்ளமாக இருந்தாலும், அடி மட்டும் கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருக்கும். பக்கத்து மேகமும் அதே உயரத்தில்தான் சீவப்பட்டிருக்கும். வானம் முழுக்க ஒரு கண்ணாடித் தட்டைப் போட்டு அதன்மேல் மேகங்களை வரிசையாக வைத்தது போலத் தெரியும். அந்தத் தட்டுக்குக் கீழேதான் யானையின் கால் வர வேண்டும். அங்கே மேகம் கிடையாது.

அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது? காலை வெயில் தரையைச் சுடுகிறது. தரை காற்றைச் சுடுகிறது. சூடான காற்று பெரிய பெரிய குமிழிகளாகக் கிளம்பி மேலே போகிறது. ஏற ஏறக் குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குறையும். காற்றில் ஈரம் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகக் கலந்திருக்கிறது அல்லவா, ஒரு குறிப்பிட்ட குளிர்ச்சியை எட்டியதும் அது நீர்த்துளியாக மாறித் தெரிய ஆரம்பிக்கிறது. ஓர் ஊரைச் சுற்றியுள்ள காற்றெல்லாம் கிட்டத்தட்ட ஒரே சூடு, ஒரே ஈரம். அதனால் எல்லாக் குமிழியும் ஒரே உயரத்தில்தான் வெண்மையாகிறது. அதற்குக் கீழேயும் குமிழி இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. யானைக்குக் கால் இருக்கிறது, அது இன்னும் ஆவியாகவே நிற்கிறது என்று மகளிடம் சொல்லுங்கள். அது பொய்யில்லை.

அந்த உயரத்தை நீங்களே கணக்குப் போடலாம். கைபேசியின் வானிலைச் செயலியில் வெப்பநிலைக்குக் கீழே 'டியூ பாயின்ட்' என்று ஓர் எண் இருக்கும். காற்றின் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை அது. வெப்பநிலையிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தோராயமாக வந்துவிடும். வெயில் 38 டிகிரி, டியூ பாயின்ட் 22 என்றால் வித்தியாசம் 16. ஆக 2000 மீட்டர். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெருக்கல் வராது. ஆனாலும் அப்பா யானையின் வயிறு இருக்கும் உயரத்தைச் சொல்லிவிட்டார் என்பது அவளுக்குப் பெரிய விஷயமாக இருக்கும்.

அவள் சொன்ன மூன்று பெயர்களையும் இன்னொரு தரம் பாருங்கள். யானை, ஆமை, முயல். மூன்றுமே கால் தெரியாமல் உட்கார்ந்திருந்தாலும் அடையாளம் தெரிகிற உயிர்கள். உருண்ட முதுகு, உருண்ட தலை, அவ்வளவுதான் வேண்டும். கொக்கும் ஒட்டகச்சிவிங்கியும் இந்த மேகத்தில் அபூர்வம். எனக்கு இத்தனை வருஷத்தில் முழுசாக ஒரு கொக்கு கிடைத்ததில்லை. குழந்தை தன் இஷ்டத்துக்குக் கற்பனை செய்கிறாள் என்று நினைக்காதீர்கள். மேகம் எதைக் கொடுக்க முடியுமோ அதைத்தான் அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

உருண்டை எப்படி வருகிறது என்பதற்குப் பொங்கல் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். பால் பொங்கும்போது நடுவில் குமுறி எழும்பி, ஓரத்தில் மடிந்து இறங்கும் அல்லவா? மேகத்திலும் நடப்பது அதேதான். நடுவில் சூடான காற்று ஏறுகிறது. ஓரத்துத் துளிகள் வெளியே இருக்கும் உலர்ந்த காற்றில் பட்டு ஆவியாகின்றன. ஆவியாகும்போது அங்கே குளிர்ச்சி உண்டாகிறது, குளிர்ந்த காற்று கனத்து ஓரமாகச் சரிகிறது. நடுவில் ஏற்றம், ஓரத்தில் இறக்கம். அதனால்தான் காலிஃப்ளவர் மாதிரி சுருண்டு சுருண்டு முண்டு வைக்கிறது. பெரிய முண்டின்மேல் சின்ன முண்டு, அதன்மேல் இன்னும் சின்னது. நெற்றி, கன்னம், மூக்கு நுனி எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன.

துதிக்கைக்குக் காரணம் வேறு. கீழே காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் அடித்தால், மேகத்தின் தலை ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த தலையிலிருந்து ஒரு துண்டு இழுபட்டு நீளும். அந்த இழுபட்ட துண்டு ஓரிரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காது. உலர்ந்த காற்று சீக்கிரம் தின்றுவிடும். துதிக்கை தெரிந்தால் உடனே கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது அதனால்தான். நீங்கள் எழுந்து வருவதற்குள் அது முயலாகியிருக்கும்.

கோடையில் மட்டும் ஏன் என்றால், உருவம் தெரிய இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, கூர்மையான விளிம்பு. மற்றொன்று, பின்னால் வெறும் நீலம். கோடை மேகம் முழுக்க நீர்த்துளி. துளி வெளிக்காற்றில் பட்டவுடன் மறைந்துவிடுவதால் மேகம் எங்கே முடிகிறது என்பது கோடு போட்டது போலத் தெரியும். மிக உயரத்தில் மயிரிழை போலப் படரும் கீற்று மேகம் பனித்துகளால் ஆனது. பனித்துகள் மறைய நேரம் எடுக்கும், அதனால் விளிம்பு மங்கிப் புகைபோல இருக்கும். அதில் இறகு தெரியும், குதிரை வால் தெரியும், முகம் தெரிவது கடினம். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மொத்தமும் மூடிக்கிடக்கும். எங்கள் பக்கம் 'மோடம் போட்டிருக்கு' என்போம். விளிம்பே இல்லாததால் உருவமும் இல்லை. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து வரும் காற்று கணவாய்களின் வழியாகப் பாய்ந்து மேகத்தைக் கிழித்துப் போட்டுவிடும். ஆக, உள்மாவட்டங்களில் இந்த விளையாட்டுக்குச் சித்திரையும் வைகாசியும்தான் காலம்.

நான் பெரியகுளத்துக்காரன். கொடைக்கானல் மலை எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் சுவர் மாதிரி நிற்கும். பத்து, பத்தரை மணிக்கு மலை உச்சியில் ஒரு சின்னப் பஞ்சு ஒட்டும். மலைச்சரிவு வெயிலில் சூடேறியதும் காற்று சரிவோடு மேலே ஏறுவதால் முதல் மேகம் எப்போதும் அங்கேதான். பதினொன்றரைக்குள் மலை நெடுக யானைக் கூட்டம் நிற்கும். சமவெளியின்மேல் அப்போதும் நீலமாகவே இருக்கும். சென்னைப் பக்கம் நீங்கள் இருந்தால் கடலைப் பார்க்காதீர்கள், மேற்கே திரும்புங்கள். மதியத்தில் கடற்காற்று உள்ளே நுழையும்போது கடற்கரையின்மேல் வானம் துப்புரவாகிவிடும். அந்தக் காற்று முட்டும் இடத்தில், உள்ளே தள்ளி, மேகங்கள் வரிசை கட்டி நிற்கும்.

இப்போது உங்களுக்குப் பஞ்சு மட்டும் தெரிவதற்கு வருகிறேன். நீங்கள் தலைக்கு நேர் மேலே பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேர் மேலே தெரிவது மேகத்தின் அடி. அது தட்டையாகத்தான் இருக்கும். அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில், பாதி உயரத்தில் பாருங்கள். அங்கேதான் மேகத்தின் பக்கவாட்டு, முகத்தோடும் முதுகோடும் தெரியும். நேரமும் முக்கியம். சித்திரையில் நம் ஊரில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அப்போது மேகத்தின் பக்கங்களில் நிழல் சரியாக விழாது. காலை பத்து மணியும், மாலை நாலரைக்கு மேலும் வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு முண்டின் ஒரு பக்கமும் வெளிச்சமாகி மறுபக்கம் நிழலாகும். கண், மூக்கு எல்லாம் அந்த நிழல் செய்கிற வேலை.

இதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 1976 ஜூலையில் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாய்க் கோளில் சைடோனியா என்ற பகுதியைப் படம் எடுத்தது. அதில் ஒரு மலை அப்படியே மனித முகமாக, மேலே பார்த்துப் படுத்திருப்பது போல இருந்தது. சாய்ந்த வெயில், குறைவான நுணுக்கம் கொண்ட படம், கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல். மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற விண்கலம் 1998இலும் 2001இலும் அதே மலையைத் துல்லியமாகப் படமெடுத்தபோது வெறும் தேய்ந்த குன்றுதான் இருந்தது.

நம் மூளை முகங்களுக்காகக் காத்துக்கிடக்கிறது. முகத்தைப் பார்த்ததும் 170 மில்லி விநாடியில், அதாவது ஒரு நொடியில் சுமார் ஆறில் ஒரு பங்கில், மூளையின் பின்புறத்தில் ஒரு மின் அலை எழுவதை அளக்க முடிகிறது. முகம் போலத் தோன்றும் பொருளைப் பார்த்தாலும் அதே வேகத்தில் அதற்கு ஒத்த அலை எழுகிறது. 'இது முகமில்லை, மேகம்' என்று யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இல்லாத முகமும் உருவமும் இப்படித் தெரிவதற்குப் பாரிடோலியா என்று பெயர். ரீசஸ் குரங்குகளுக்கும் இது உண்டு, முகம் போன்ற பொருள்களின் படத்தைக் காட்டினால் கண் இருக்கும் இடத்தை உற்றுப் பார்க்கின்றன. புதருக்குள் ஒரு முகம் இருந்து அதைக் கவனிக்காமல் போவதைவிட, இல்லாத முகத்தைப் பத்து முறை பார்த்து ஏமாறுவது ஓர் உயிருக்கு மலிவு. அதனால் நமக்கு இப்படி வாய்த்திருக்கிறது.

ஆக, உங்கள் மூளையிலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. ஆனால் நீங்கள் மேலே பார்த்து 'மேகம்' என்று பெயர் சொல்லிவிட்டுக் கண்ணை எடுத்துவிடுகிறீர்கள். அவள் பெயர் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான் என்று நான் நம்புகிறேன். ஒரே மேகத்தை ஐந்து நிமிஷம் விடாமல் பாருங்கள். இரண்டாவது நிமிஷத்திலேயே ஏதாவது ஒன்று உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

நம் முன்னோர் கண்ணுக்கும் யானைதான் தெரிந்திருக்கிறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் மேகங்களைத் தூது அனுப்பும் பதிகத்தில், 'மதயானை போல் எழுந்த மாமுகில்காள்' என்று கூப்பிடுகிறாள். வேங்கட மலையைப் பதியாகக் கொண்டு வாழும் முகில்கள் அவை. மலைமேல் குவிந்து எழுகிற மேகத்தை அவள் உற்றுப் பார்த்திருக்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 'எழுந்த' என்ற சொல்லைப் பாருங்கள். அது நகர்கிற யானை இல்லை, எழும்புகிற யானை. அதற்கும் முந்தைய முல்லைப்பாட்டில் நப்பூதனார், வாமனனாக வந்து கையில் நீர் வார்த்ததும் ஓங்கி நின்ற திருமாலை மேகத்தில் காண்கிறார். கடலைப் பருகி, 'கோடு கொண்டு எழுந்த' எழிலி என்கிறார். கோடு என்றால் மலைச்சிகரம். அது கார்கால மேகம்தான், ஆனால் மலையைப் பிடித்துக்கொண்டு எழும் விதம் எங்கள் மாடியில் பத்தரை மணிக்கு நான் பார்ப்பதுதான். எழிலி என்ற பெயரே 'எழு' என்பதிலிருந்து வந்தது. இன்னொரு பழைய பெயர் கொண்மூ, நீரைக் கொண்டது.

மேகங்களுக்கு அறிவியல் பெயர் வைத்தவரும் உருவத்தை வைத்துத்தான் வைத்தார். லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்துவந்த லூக் ஹோவர்டு, 1802 டிசம்பரில் ஒரு சிறிய அறிவியல் சங்கத்தில் பேசியபோது, முடிக்கற்றை போன்றது, குவியல், விரிப்பு என்று பொருள்படும் லத்தீன் பெயர்களைக் கொடுத்தார். அதில் குவியல்தான் 'குமுலஸ்', நம் பாடப்புத்தகத்துத் திரள் மேகம். அவர் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த கருத்து ஒன்று உண்டு. ஒருவருடைய மனதும் உடம்பும் எப்படி இருக்கிறது என்பதை முகம் காட்டுவது போல, காற்றில் என்ன நடக்கிறது என்பதை மேகத்தின் வடிவம் காட்டுகிறது என்றார்.

உங்கள் மகளுக்கு இதையே விளையாட்டாகக் கொடுக்கலாம். விளிம்பு காலிஃப்ளவர் மாதிரி கெட்டியாக, பளிச்சென்று இருந்தால் அந்த யானை இன்னும் வளர்கிறது. விளிம்பு பிய்ந்த பஞ்சாகி, உள்ளே நீலம் தெரிய ஆரம்பித்தால் அது கரைந்துகொண்டிருக்கிறது. சின்னத் திரள் மேகம் ஒன்றின் ஆயுள் பெரும்பாலும் பத்திலிருந்து இருபது நிமிஷம். ஒரு நோட்டில் ஒரே மேகத்தை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை வெளிக்கோடாக மட்டும் வரையச் சொல்லுங்கள். ஏழெட்டுப் படத்தில் ஒரு முழுப் பிறப்பும் மறைவும் வந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: 'அதோ பார் யானை' என்று நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். ஒருவர் பெயர் சொல்லிவிட்டால் அப்புறம் மற்றவர் கண்ணுக்கும் அதுவேதான் தெரியும். இருவரும் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டுப் பிறகு காட்டிக்கொள்ளுங்கள். அடுத்த ஊரில் அவள் வயதுப் பிள்ளை ஒருத்தி இதே மேகத்தின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு அது வேறு ஏதாவதாக இருக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

எடையையும் சொல்லுங்கள். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது வானத்தில் ஏறக்குறைய 10 டிகிரியை மறைக்கும். முன்பு கணக்குப் போட்ட 2000 மீட்டர் உயரத்தில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுவில் நிற்கும் மேகம் நம்மிடமிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆகவே முஷ்டியால் சரியாக மறைகிற மேகத்தின் அகலம் 500 மீட்டர். அதை ஓர் உருண்டையாக எடுத்துக்கொண்டு, கன மீட்டருக்கு அரை கிராம் நீர் என்று வைத்தால் 30 டன்னுக்கு மேல் வருகிறது. ஏழெட்டு நிஜ யானைகளின் எடை! விழாமல் நிற்பதற்குக் காரணம், அத்தனை நீரும் 0.02 மில்லிமீட்டர் துளிகளாகச் சிதறிக் கிடப்பதுதான். அவ்வளவு சின்னத் துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கும். கீழிருந்து வரும் காற்று அதைவிடப் பல மடங்கு வேகமாக மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. சூரியன் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டாம். தண்ணீர்த் தொட்டி நிழலிலோ வேப்பமரத்தடியிலோ சூரியனுக்கு முதுகு காட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, மாலையில் ஒரு மேகம் மட்டும் மற்றவற்றை விட்டுவிட்டு விறுவிறுவென்று உயர்ந்து, தலை தட்டையாகப் பரந்து, கொல்லன் பட்டறையில் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல் போலானால், அது கார்திரள் மேகம். அதன் தலை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பனித்துகளாகி, விளிம்பு மங்கியிருக்கும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் நிம்மதியாக ரசிக்கலாம். இடிச் சத்தம் காதில் விழுந்தால் மின்னல் நம்மை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கீழே இறங்கிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் மாடி ஏறக் கூடாது.

நான் மேகம் பார்க்கக் கற்றுக்கொண்டது வடகக் காவலில். மே மாதம் அப்பத்தா மாடியில் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்து காயப்போடும். காக்கா கொத்தாமல் பார்த்துக்கொள்ள எங்களை உட்கார வைப்பார்கள். காக்காவைப் பார்த்ததைவிட மேகத்தைப் பார்த்ததுதான் அதிகம். அப்பத்தா கீழே முற்றத்திலிருந்தபடியே மலைப் பக்கம் ஒரு பார்வை பார்க்கும். மேகத்தின் தட்டையான அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஏதாவது தொங்க ஆரம்பித்திருந்தால் போதும். "டேய், மலைல கால் இறங்கிருச்சுடா, வடகத்தை எடுங்க" என்று சத்தம் வரும். தூரத்து மேகத்திலிருந்து மழை இறங்குவது அப்படித்தான் தெரியும், அதைக் கால் இறங்குவது என்றுதான் சொல்வோம். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, காற்று தாங்க முடியாத அளவுக்குப் பெரிதாகி, அந்தக் கண்ணாடித் தட்டைத் தாண்டிக் கீழே வருகின்றன. சில நாள் அந்தக் கால் தரையைத் தொடாமல் பாதியிலேயே ஆவியாகிவிடும். தொட்டுவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஈரமண் வாசனையோடு குளிர்ந்த காற்று மாடிக்கு வந்துசேரும்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள், யானைக்குக் கால் முளைக்கும் நாளும் உண்டு. அன்று மாடியில் காயும் துணியை அவளையே எடுத்து வரச் சொல்லுங்கள், இடி கேட்பதற்குள்.